பயனருக்கு ஒரு பீரோ

வணக்கம் சார்,

வேலையில் ஜாவா எழுதுகிறேன். ராத்திரிகளில், எத்தீரியம் பிளாக்செயினில் ஓடும் கான்ட்ராக்ட் என்ற நிரல்களை எழுதும் சாலிடிட்டி மொழியைப் பழகுகிறேன். உங்கள் தளத்தில் வந்த பழைய கட்டுரைகளை வைத்துக்கொண்டு ஒரு கான்ட்ராக்ட் எழுதிப் பார்த்தேன். அதில் பல பூல்கள், அதாவது டோக்கன்கள் சேரும் தொகுப்புகள், உண்டு. ஒருவர் எத்தனை பூலில் வேண்டுமானாலும் டோக்கன் போட்டு வைக்கலாம். குறிப்பிட்ட காலம் எடுக்காமல் இருந்தால் ஒரு போனஸ்.

'பயனர்' என்று ஒரு ஸ்ட்ரக்ட் (பல தகவல்களை ஒன்றாகக் கட்டும் அமைப்பு) வைத்தேன். அதற்குள் பெயர், சேர்ந்த நேரம், பூல் வாரியாக இருப்பைச் சொல்லும் ஒரு மேப்பிங் (ஒரு சாவியைக் கொடுத்தால் அதற்குரிய மதிப்பைத் தருவது), போட்டது எடுத்தது எல்லாவற்றையும் சேர்த்து வைக்க ஒரு அரே (வரிசைப் பட்டியல்). வெளியே வாலட் அட்ரஸைக் கொடுத்தால் இந்தப் பயனரைத் தரும் மேப்பிங். புதுப் பயனரை உருவாக்கும் வரியிலேயே கம்பைலர் மறுத்துவிட்டது. எப்படியோ சமாளித்தேன். அப்புறம், கணக்கை மூடியவருக்கு டிலீட் போட்டேன். அவர் திரும்பச் சேர்ந்தபோது பழைய இருப்பு அப்படியே வந்து நிற்கிறது. இது எப்படி சார்? இப்படி ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினால் கேஸ் (ஒவ்வொரு செயலுக்கும் நெட்வொர்க் வாங்கும் கட்டணத்தின் அளவு) எகிறும் என்று நண்பர் பயமுறுத்துகிறார். எல்லாப் பயனர்களையும் பட்டியலெடுக்கவும் வழி தெரியவில்லை. கான்ட்ராக்டின் முழு நிரலையும் (கோட்) இணைத்திருக்கிறேன்.

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

உங்கள் கோட் முழுவதையும் படித்தேன். உங்கள் மனதில் பயனர் என்றால் ஒரு பீரோ. அவருடைய சட்டை, நகை, பழைய மின்சார ரசீது எல்லாம் அதே பீரோவுக்குள். ஜாவாவில் இது நல்ல பழக்கம். சாலிடிட்டியில் அந்த பீரோவே கிடையாது என்பதில்தான் உங்கள் நான்கு சிக்கலும் தொடங்குகின்றன.

மேப்பிங் என்பது பெட்டி இல்லை, ஒரு கணக்கு. நீங்கள் கொடுக்கும் சாவியையும் அந்த மேப்பிங்குக்கு ஒதுக்கப்பட்ட ஸ்லாட் எண்ணையும் (ஸ்டோரேஜ் என்ற நிரந்தரச் சேமிப்பில் ஓர் அறையின் எண்) சேர்த்துக் கெச்சாக் ஹாஷ் (எந்தத் தரவையும் ஒரே நீள எண்ணாக மாற்றும் கணக்கு) எடுத்தால் ஓர் எண் வரும். ஸ்டோரேஜில் அந்த எண்ணுள்ள ஸ்லாட்தான் மதிப்பு இருக்கும் இடம். எந்தச் சாவிகளை இதுவரை கொடுத்தீர்கள் என்று எங்கும் குறித்து வைப்பதில்லை. எழுதாத சாவியைக் கேட்டாலும் 'இல்லை' என்று சொல்லாது, பூஜ்யம் என்று சொல்லும். மேப்பிங்குக்குள் மேப்பிங் என்றால் முதல் ஹாஷில் வந்த எண்ணை வைத்து இன்னொரு ஹாஷ், அவ்வளவுதான்.

இது புரிந்தால் டிலீட் புதிரும் அவிழ்ந்துவிடும். ஸ்ட்ரக்டை டிலீட் செய்தால் பெயர் போகும், சேர்ந்த நேரம் போகும், அரேயும் போகும். உள்ளே இருக்கும் மேப்பிங்கை மட்டும் அது தொடாது. எந்தெந்தச் சாவிகள் என்றே தெரியாதபோது எதை அழிக்கும்? நானும் இதில் விழுந்தவன்தான். ஒரு வாக்கெடுப்பு கான்ட்ராக்டில், நீக்கிய உறுப்பினர் மறுபடி சேர்ந்ததும் 'ஏற்கெனவே வாக்களித்துவிட்டீர்கள்' என்று வந்தது. நிஜப் பணம் புழங்காத சோதனை நெட்வொர்க்கான டெஸ்ட்நெட்டில் நடந்ததால் மானம் பிழைத்தது. கோடில் எங்கே தப்பு என்று இரண்டு நாள் தேடினேன். ஆவணத்தில் தெளிவாக எழுதியிருந்தார்கள், நான்தான் படிக்கவில்லை.

கம்பைலர் மறுத்ததற்கும் இதே வேர்தான். மேப்பிங் ஸ்டோரேஜில் மட்டுமே வாழும், ஃபங்ஷன் ஓடும்வரை மட்டும் இருக்கும் தற்காலிக மெமரியில் அதற்கு இடமில்லை. சாலிடிட்டியின் 0.7.0 பதிப்புக்கு முன்பு, மேப்பிங் உள்ள ஸ்ட்ரக்டை மெமரியில் உருவாக்கினால் கம்பைலர் மேப்பிங்கை மட்டும் சத்தமில்லாமல் விட்டுவிட்டு மேலே போகும். இப்போது முகத்துக்கு நேராகச் சொல்கிறது. நல்லதுதான்.

சரி, கேஸ். உங்கள் நண்பர் பாதிதான் சரி. ஒவ்வோர் அடுக்குக்கும் கூடுதலாக ஒரு ஹாஷ், 64 பைட்டுக்கு 42 கேஸ். ஒரு ஸ்லாட்டை அந்தப் பரிவர்த்தனையில் முதல் தடவை படிக்கவே 2,100 கேஸ் ஆகிறது. பூஜ்யமாக இருந்த ஸ்லாட்டில் முதன்முதலாக எழுத 22,100. அடுக்கு இரண்டா மூன்றா என்பது இதற்கு முன்னால் டீக்கடைச் சில்லறை. எத்தனை ஸ்லாட்டைத் தொடுகிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஒருவர் டெபாசிட் செய்யும் ஒவ்வொரு முறையும் உங்கள் அரேயின் நீளம் மாறுகிறது, புதிய ஸ்லாட்கள் நிரம்புகின்றன. பணம் கரைவது அங்கேதான்.

அந்த அரே எதற்கு? கோடு முழுக்கத் தேடினேன், கான்ட்ராக்ட் அதை ஓரிடத்திலும் திரும்பப் படிக்கவில்லை. திரையில் காட்டத்தான் வைத்திருக்கிறீர்கள். அதற்கு இவென்ட் (கான்ட்ராக்ட் வெளியார் படிக்க எழுதிவிடும் பதிவு) போதும். அட்ரஸ், பூல் எண் இரண்டையும் தேட வசதியாக இன்டெக்ஸ் செய்து, தொகையையும் நேரத்தையும் தரவாகப் போட்டால் பதிவுக்கு மட்டும் சுமார் 2,000 கேஸ். கான்ட்ராக்டால் இவென்டைப் படிக்க முடியாது, ஆனால் படிக்க வேண்டியது கான்ட்ராக்ட் இல்லையே. பெயரையும் எடுத்துவிடுங்கள். பிரைவேட் என்று போட்டாலும் ஸ்டோரேஜை யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

மீதி என்ன? ஒருவருக்கு ஒரு பூலில் உள்ள நிலை: இருப்பு, தொடங்கிய நேரம், போனஸ் கொடுத்தாயிற்றா. இருப்புக்கு 128 பிட், நேரத்துக்கு 64, கடைசியில் ஆம்/இல்லை என்று சொல்லும் ஒரு பூலியன். மூன்றும் ஒரே ஸ்லாட்டில் அடங்கும். வெளியே பூல் எண், அதற்குள் அட்ரஸ், அதற்குள் இந்தச் சின்ன ஸ்ட்ரக்ட். 2020இல் வந்த டோக்கன் பரிமாற்றத் தளமான சுஷிஸ்வாப்பின் மாஸ்டர்செஃப் கான்ட்ராக்டில் இதே அமைப்புதான். இஆர்சி-20 என்ற பொது விதிமுறைப்படி அமைந்த டோக்கனின் அலவன்ஸும் இதே குடும்பம்: உரிமையாளர், அதற்குள் செலவழிக்க அனுமதி பெற்றவர், அதற்குள் தொகை. ஸ்ட்ரக்டுக்குள் மேப்பிங் இல்லாததால் டிலீட் போட்டால் ஒழுங்காக அழியும், ஆவி திரும்ப வராது.

பட்டியல் கேள்விக்கு வருகிறேன். மாஸ்டர்செஃப்பிடமும் பயனர் பட்டியல் கிடையாது. ஆயிரக்கணக்கானோருக்கு வெகுமதி பிரிக்கிற கான்ட்ராக்ட் அது, ஆனால் ஒருவரையும் வரிசையாகக் கூப்பிடுவதில்லை. ஒரு பங்குக்கு இதுவரை எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்ற ஒரே எண்ணை ஒவ்வொரு பூலுக்கும் ஏற்றிக்கொண்டே போகிறது. பயனரிடம் இருப்பதும் இரண்டே எண்கள்: அவர் போட்ட தொகை, அவருக்குக் கழிக்க வேண்டிய பழைய வெகுமதி. அவர் வரும்போது தொகையைப் பெருக்கி, பழையதைக் கழித்தால் கணக்கு முடிந்தது. நான் ரசித்துப் படித்த கோடுகளில் அது ஒன்று.

பட்டியலில் உள்ள எல்லோரையும் ஒவ்வொருவராகத் தொட லூப் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2016இன் கவர்ன்மென்டல் என்ற கான்ட்ராக்ட் ஒரு பாடம். பின்னால் வருபவர் பணத்தை முன்னால் வந்தவருக்குக் கொடுக்கும் பொன்சி விளையாட்டு. ஜெயித்தவருக்கு 1,100 ஈத்தர் சேர வேண்டும். கொடுக்கும்போது கடன் கொடுத்தோர் அரேயையும் துடைக்க வேண்டும். அரே வளர்ந்து வளர்ந்து, அதைத் துடைக்கத் தேவையான கேஸ், ஒரு பிளாக்கில் செலவழிக்க அன்று அனுமதித்த வரம்பைத் தாண்டிவிட்டது. பணம் உள்ளே, ஆள் வெளியே. கான்ட்ராக்டுக்குள்ளேயே பட்டியல் தேவைப்படும் இடங்கள் உண்டு, மறுக்கவில்லை. அதற்கு ஓப்பன்செப்பலின் என்ற ஆயத்த நிரல் நூலகத்தின் எனுமரபிள்செட் இருக்கிறது. அரேயும் இட எண்ணைச் சொல்லும் மேப்பிங்கும் கைகோத்து நிற்கும், நீக்கும்போது கடைசி ஆளைக் காலி இடத்துக்கு நகர்த்தும். உங்களுக்கு இப்போது அது வேண்டாம்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. உங்கள் கோடில் போனஸ் கொடுக்கும் ஃபங்ஷனில், போனஸ் நிலையைக் குறிக்கும் தனிச் சின்ன ஸ்ட்ரக்டை மெமரிக்கு எடுத்து, அதில் 'கொடுத்தாயிற்று' என்று குறித்துவிட்டு டோக்கனை அனுப்புகிறீர்கள். அது நகல். ஃபங்ஷன் முடிந்ததும் குறிப்பும் போய்விடும், ஸ்டோரேஜில் இன்னும் 'கொடுக்கவில்லை' என்றுதான் இருக்கும். அதே ஆள் அடுத்த பிளாக்கிலேயே வந்து மறுபடி வாங்கலாம், பூல் காலியாகும் வரை. கம்பைலரும் பேசாது, ஏனென்றால் அந்த ஸ்ட்ரக்டில் மேப்பிங் இல்லை. மெமரி என்ற அந்த ஒரு சொல்லை ஸ்டோரேஜ் என்று மாற்றுங்கள். ஒரே வாலட் இரண்டு முறை போனஸ் கேட்கும் டெஸ்ட் ஒன்றையும் எழுதுங்கள். பீரோவை அப்புறம் பிரிக்கலாம், இதை இன்று ராத்திரியே செய்யுங்கள்.