அச்சுப் பட்டறையிலிருந்து: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மகளின் ஓவியப் புத்தகத்தில் வெறும் கறுப்பு வெள்ளைக் கோடுகளால் ஆன படம் ஒன்று பார்த்தேன். பார்க்கப் பார்க்க நெளிகிறது. அச்சடித்த காகிதம் எப்படி அசையும்? இதுவும் கலையா?
– வாசகி, பாலக்கோடு

பதில்: காகிதம் அசையவில்லை அம்மா, உங்கள் கண் அசைகிறது. ஒரே இடத்தை உற்றுப் பார்த்தாலும் கண் துளித்துளியாக நகர்ந்துகொண்டேதான் இருக்கும். மரத்தையோ ஆளையோ பார்க்கும்போது அது நமக்குத் தெரிவதில்லை. கோடுகள் நெருக்கமாக மாறி மாறி வந்தால், சற்றுமுன் பார்த்த கோட்டின் சுவடு இப்போது பார்க்கும் கோட்டின் மேல் ஏறிக்கொள்கிறது. கொசுவலையை இரண்டாக மடித்து வெளிச்சத்தில் பிடித்து மெல்ல நகர்த்திப் பாருங்கள், அதே அலை வரும்.

கலைதான், சந்தேகமே வேண்டாம். இங்கிலாந்தின் பிரிட்ஜெட் ரைலி 1965-இல் ‘ஃபிராக்மென்ட்ஸ்’ என்ற வரிசையை பெர்ஸ்பெக்ஸ் என்ற கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தகடுகளில் ஸ்கிரீன் பிரிண்ட்டாக, அதாவது பிரேமில் இழுத்துக் கட்டிய வலைத் துணி வழியே மையைத் தள்ளி அச்சடித்து, வெளியிட்டார். கிருஷ்ணகிரி பழையபேட்டையில் 26 வருடமாக பிரேம் கட்டி, மை தள்ளும் ரப்பர் பட்டையான ஸ்குவீஜியை இழுக்கிறவன் என்பதால் சொல்கிறேன்: கோட்டின் ஓரம் மயிரிழை பிசிறினால் போதும், அந்த ஆட்டம் செத்துவிடும். மெஷ் என்கிற அந்த வலைத் துணியில் ஒரு தூசி உட்கார்ந்தாலே வேலை கெட்டுவிடும்.

கேள்வி: கடையில் பிடித்த நிறம் வீட்டுக்கு வந்ததும் வேறாகத் தெரிகிறதே, ஏன்?
– வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: இதே சண்டை என் பட்டறையில் நடந்தது. கல்யாணப் பத்திரிகைக்கு சிவப்பு அட்டை பாதி, மஞ்சள் அட்டை பாதி. இரண்டிலும் பிள்ளையாரை ஒரே டப்பா ஆரஞ்சு மையில் போட்டேன். வாங்க வந்த பெரியவர், “சிவப்பு அட்டையில மஞ்சளா அடிச்சிருக்கீங்க, மஞ்சள் அட்டையில செவப்பா அடிச்சிருக்கீங்க, மையை மாத்திட்டீங்க” என்று கோபப்பட்டார். வெள்ளை அட்டையில் மிளகு அளவில் இரண்டு துளை போட்டு, ஒவ்வொரு துளைக்கும் கீழே ஒரு பிள்ளையார் வருமாறு வைத்துக் காட்டினேன். இரண்டும் ஒரே ஆரஞ்சு. பெரியவர் மூன்று தடவை எடுத்து எடுத்து வைத்துப் பார்த்தார்.

பக்கத்து நிறம் தன் சாயலை நடுவில் உள்ள நிறத்திலிருந்து கழித்துவிடும். கடையில் பக்கத்தில் இருந்த நிறம் வேறு, உங்கள் வீட்டில் இருக்கிற நிறம் வேறு. ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த ஜோசப் ஆல்பர்ஸ் இதையே வாழ்நாள் வேலையாகச் செய்தார். 1950 முதல் சதுரத்துக்குள் சதுரம் வைத்தே நூற்றுக்கணக்கில் வரைந்தார். 1963-இல் வந்த அவருடைய ‘இன்டராக்‌ஷன் ஆஃப் கலர்’ நூலுக்கான நிறப் பக்கங்கள் சில்க்ஸ்கிரீனில், அதாவது மேலே சொன்ன ஸ்கிரீன் பிரிண்ட் முறையில், அச்சானவை. புத்தகங்கள் வழக்கமாக அச்சாகும் ஆஃப்செட் முறையில் நிறம் புள்ளிப் புள்ளியாக விழும். சில்க்ஸ்கிரீனில்தான் சுவருக்குப் பூசியது போல் நிறைவாக நிற்கும். அந்தப் பக்கங்களைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் நீண்ட நாள் ஆசை.

கேள்வி: படியேறிக்கொண்டே போகிறவர்கள் புறப்பட்ட இடத்துக்கே வருகிற படம் யாருடையது?
– வாசகர், பென்னாகரம்

பதில்: நெதர்லாந்தின் எம்.சி.எஷர், 1960. கல்லில் வரைந்து எடுத்த லித்தோகிராஃப். அதற்குச் சுண்ணாம்புக்கல்தான் வேண்டும், நம்ம ஊர்க் கருங்கல் மை பிடிக்காது. படிக்கட்டு யோசனை லயனல் பென்ரோஸ், ரோஜர் பென்ரோஸ் என்ற அப்பா, மகனுடையது. 1958-இல் உளவியல் இதழ் ஒன்றில் வெளியிட்டார்கள். படம் கையில் கிடைத்தால் மூன்று பக்கத்தை மறைத்துவிட்டு ஒரு பக்கத்தை மட்டும் பாருங்கள். நம் வீட்டு மாடிப்படி மாதிரியே ஒழுங்காக இருக்கும். மூலை திரும்பும்போதுதான் பிடிபடாமல் நழுவும்.