தொழில்முறைக் கூடைப்பந்து அணியின் வெற்றியில் பயிற்சியாளரின் பங்கு உண்மையில் எவ்வளவு?

திறமையான ஆட்டக்காரர்கள் அமைந்துவிட்ட அணியைப் பயிற்சியாளரால் பல படிகள் உயர்த்த முடியும். ஆட்டக்காரர்களே இல்லாத அணியை எவராலும் கரையேற்ற முடியாது. அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில் ஆடும் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணியில் இரண்டையும் பார்க்கலாம். 2013-14 பருவத்தில் மார்க் ஜாக்சனின் கீழ் 82 ஆட்டங்களில் 51ஐ வென்று பிளேஆஃப் எனும் கோப்பைக்கான இறுதிக்கட்டத்தின் முதல் சுற்றிலேயே வெளியேறிய அந்த அணி, பெரும்பாலும் அதே ஆட்டக்காரர்களுடன், மறு ஆண்டு புதிதாக வந்த ஸ்டீவ் கெர்ரின் கீழ் 67 ஆட்டங்களை வென்று, 1975க்குப் பிறகு முதன்முறையாக என்பிஏ கோப்பையைக் கைப்பற்றியது. நட்சத்திர ஆட்டக்காரர்களில் டுரான்ட் விலகி, தாம்சன் காயத்தால் முழுப் பருவமும் ஆடாமல், கர்ரியும் கை முறிந்து ஒதுங்கிய 2019-20இல், கெர் இருந்தும் 15 வெற்றிகளே கிடைத்தன.

பந்து ஒருவர் கையிலேயே தங்காமல் சுழலும் ஆட்டமுறையைக் கெர் கொண்டுவந்தார் என்பது உண்மை. ஆனால் அதைவிடக் கடினமான வேலையாக நான் கருதுவது வேறு. அதுவரை என்பிஏ வழக்கமான பருவங்களில் (பிளேஆஃப் நீங்கலாக) ஆடிய 758 ஆட்டங்களிலும் தொடக்க ஐவரில் ஒருவராகவே இறங்கிய ஆந்த்ரே இக்வடாலாவை அவர் பெஞ்சில் உட்காரச் சம்மதிக்க வைத்தார்.

தர்மபுரியில் பள்ளி அணிக்காக ஆடிய காலத்தில் இந்த வேலையை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். வருவாய் மாவட்டப் போட்டிக்கு முந்தைய மாலை, எங்கள் அணியிலேயே உயரமான பன்னிரண்டாம் வகுப்பு அண்ணனிடம், "நாளைக்கு நீ முதல்ல இறங்க வேண்டாம்ப்பா, அவங்க ஓடிக் களைச்ச பிறகு உன்னை இறக்குறேன்" என்றார் உடற்கல்வி ஆசிரியர். அண்ணன் பதில் பேசாமல் ஷூ கயிற்றை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தார். ஆசிரியர் சிமெண்டுத் தரையில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, இருட்டிக் கூடை வளையம் கண்ணுக்குத் தெரியாமல் போகும்வரை பேசிக்கொண்டிருந்தார். மறுநாள் பெஞ்சிலிருந்து எங்களுக்கு ஓயாமல் குரல் கொடுத்தவர் அந்த அண்ணன்தான். பள்ளி மாணவனிடமே இவ்வளவு பேச வேண்டியிருக்கிறது என்றால், தன்னைவிட அதிகச் சம்பளம் வாங்கும் ஒரு நட்சத்திரத்திடம் கெர் எத்தனை பக்குவமாகப் பேசியிருக்க வேண்டும்!

2015 இறுதித் தொடரில் கிளீவ்லாண்டிடம் 2-1 எனப் பின்தங்கியிருந்தபோது, நான்காவது ஆட்டத்தில் உயரமான போகட்டை உட்காரவைத்து இக்வடாலாவைத் தொடக்கத்திலேயே இறக்கினார் கெர். தொடர்ந்து மூன்று ஆட்டங்களை வென்று வாரியர்ஸ் கோப்பையை வாங்க, இறுதித் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருது இக்வடாலாவுக்கே கிடைத்தது. அந்த மாற்றத்தை முதலில் சொன்னவர் நிக் யுரென் என்ற இளம் உதவியாளர் என்பதைக் கெர் வெளிப்படையாகவே அறிவித்தார்.