நடுச்சாமத்தில் தானாக நிற்கும் சார்ஜர்: முதலில் ரவுட்டரைப் பாருங்கள்

வணக்கம். வெள்ளவத்தை வீட்டில் பூட்டிய, மின்சாரக் காருக்கான 7 கிலோவாட் சார்ஜர் இரவில் தானாக நின்று திரும்ப ஓடுகிறது, பூட்டியவர் ரவுட்டரில் போர்ட் 80ஐத் (இணையத்திலிருந்து சார்ஜரின் அமைப்புப் பக்கத்துக்கு வரும் வழி) திறந்துவிட்டுப் போனார் என்று எழுதியிருந்தீர்கள்.

அந்த வழியாக யாராவது உள்ளே நுழைந்து சார்ஜரை இயக்கலாம். ஆகவே அந்தப் போர்ட்டை இன்றைக்கே மூடுங்கள். போர்ட் ஃபார்வர்டிங் பதிவை அழித்து, சாதனங்கள் தாமாகவே போர்ட் திறக்க விடும் யூபிஎன்பி வசதியையும் நிறுத்துங்கள். சார்ஜர்தான் வெளியே போய்த் தன் சேர்வரோடு பேசும். வெளியிலிருந்து உள்ளே வர வழி தேவையில்லை.

பிறகு ரீசெட், ஃபர்ம்வேர் (சார்ஜரின் உள் மென்பொருள்) அப்டேட், புதிய அட்மின் பாஸ்வேர்ட், புதிய ஆப் பாஸ்வேர்ட். வீட்டின் மற்றச் சாதனங்களிலிருந்து பிரிந்திருக்க, சார்ஜரை கெஸ்ட் வைஃபையில் விடுங்கள். ஓசிபிபி முகவரி, அதாவது சார்ஜர் பேசும் சேர்வரின் முகவரி, ‘டபிள்யூஎஸ்எஸ்’ என்று தொடங்க வேண்டும். வெறும் ‘டபிள்யூஎஸ்’ என்றால் தகவல் மறையாக்கம் இல்லாமல் போகிறது.

ரீசெட்டுக்கு முன் ஆம்பியர் அளவைக் கட்டாயம் குறித்துவையுங்கள். வீட்டு மின் இணைப்பு 30 ஆம்பியர் என்றால் சார்ஜரை 16க்குக் குறைத்திருப்பார்கள். ரீசெட்டில் அது 32க்குத் திரும்பலாம். உள்ளே நுழைந்தவரும் அதையே செய்யலாம். ஆகவே உச்ச அளவை ஆப்பில் மட்டும் விடாமல், சார்ஜருக்குள் இருக்கும் சிறு சுவிட்சில் மின்னியலாளரைக் கொண்டு பூட்டுவியுங்கள். வயருக்கேற்ற பிரேக்கரும் இருக்கட்டும். அதை இணையத்தால் மாற்ற முடியாது.

ஆப்பின் நேர அட்டவணையையும் பாருங்கள். இரவு 10.30 முதல் அதிகாலை 5.30 வரையான மலிவு மின்கட்டண நேரத்துக்கு யாராவது அமைத்திருந்தாலும் இப்படி நின்று ஓடும்.