அடமானம் வைத்து வாங்கும் பொறியியல் இடம் வேண்டாம்

அன்புள்ள ஐயா,

நிர்வாக ஒதுக்கீட்டில் செயற்கை நுண்ணறிவுப் பொறியியல் இடம் வாங்க வீட்டை அடமானம் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தங்கள் கவலை புரிகிறது. ஆனாலும் வைக்கக் கூடாது என்பதே என் பதில். உறவினர்கள் அடுக்கும் படிப்புகளை நானும் ஒருமுறை அடுக்கப் போவதில்லை. டெல்லியின் காற்று மாசு ஆண்டுக்காண்டு குறைகிறதா என்று மகள் தானாகவே கணக்குப் போட்டுப் பார்த்ததாகக் கடிதத்தின் கடைசியில் எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

அது புள்ளியியல் கேள்வி; எளிய கேள்வியன்று. டெல்லியில் நவம்பர் மாத நுண்துகள் அளவு மழைக்காலத்தைவிடப் பல மடங்கு அதிகம் என்பதால், நவம்பரை நவம்பரோடுதான் ஒப்பிட வேண்டும். குளிர்காலத்தில் கருவி சில வாரங்கள் பழுதாகிக் கிடந்தால், அந்த ஆண்டின் சராசரி பொய்யாகக் குறையும். ஒரு காலத்தில் விரல்விட்டு எண்ணக்கூடியவையாக இருந்த தானியங்கி அளவீட்டு நிலையங்கள் இன்று சுமார் 40. மாசு குறைந்த பகுதிகளில் புதியவை சேர்ந்தால், காற்று மாறாமலேயே நகரச் சராசரி இறங்கிவிடும். இவற்றையெல்லாம் சரிசெய்த பிறகே, ஒவ்வோர் ஆண்டையும் அதற்குப் பின்வரும் ஆண்டுகள் அனைத்தோடும் இணைத்து ஏற்றமா இறக்கமா என்று எண்ணும் மான்–கெண்டால் சோதனையும், ஒவ்வோர் இணையிலும் ஆண்டுக்கு எவ்வளவு மாற்றம் என்று கணக்கிட்டு அவற்றின் நடுமதிப்பை எடுக்கும் சென் முறையும் வருகின்றன; ஒரு தீபாவளி இரவின் புகை அந்த முடிவைப் புரட்டிவிடாது. பலமான காற்றால் வந்த குறைவையும், 2002 வாக்கில் பேருந்துகள் இயற்கை எரிவாயுவுக்கு மாறியது போன்ற நடவடிக்கைகளால் வந்த குறைவையும் பிரித்தறிவது இன்னும் கடினம். 2019இல் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டம் 2017ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்டு மாசைக் குறைக்க இலக்கு வைத்தது; அதை எந்த நகரம் உண்மையிலேயே எட்டியது என்று சொல்ல இந்தப் பயிற்சி பெற்றவர்கள் வேண்டும்.

இதற்கு வாசல் பி.எஸ்சி. புள்ளியியல். சென்னை மாநிலக் கல்லூரி போன்ற அரசுக் கல்லூரியில் அதைப் படிக்க அடமானம் தேவைப்படாது. பிறகு ஜாம் தேர்வில் கணிதப் புள்ளியியல் தாளை எழுதி ஐ.ஐ.டி.யில் முதுநிலை சேரலாம். மத்திய அரசு வேலைக்கான இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வுக்கோ, புள்ளியியலை ஒரு பாடமாகப் படித்த இளநிலைப் பட்டமே போதும். ஆசிரியர் வேலையைத் தவிர வேறில்லை என்று தங்கள் மைத்துனர் சொல்வது தவறு. மருந்துப் பரிசோதனை நிறுவனங்களும் காப்பீட்டு நிறுவனங்களும் இப்பட்டதாரிகளை எடுக்கின்றன.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் அளவீடுகள் இலவசமாகக் கிடைக்கும். ஒரே நிலையத்தின் ஐந்தாண்டுத் தரவை இந்த விடுமுறையில் மகள் பிரித்துப் பார்க்கட்டும். அலுப்புத் தட்டுகிறதா, இன்னொரு நிலையத்தைத் தேடுகிறாளா என்று அவளிடமே, உறவினர்கள் இல்லாத நேரத்தில் கேளுங்கள். அவள் பதில் சொல்லும்வரை எந்தக் கல்லூரிக்கும் முன்பணம் கட்டாதீர்கள்.