ஐந்தாம் வகுப்பில் எழுத்தறியாத ஒன்பது பேர்

கேள்வி: நான் திருப்பூர் மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியை. வகுப்பில் 31 பிள்ளைகள். ஏழு பேர் செய்தித்தாளையே சரளமாக வாசிப்பார்கள். ஒன்பது பேருக்கு எழுத்துக்கூட்டவும் வரவில்லை. பனியன் கம்பெனிகளில் வேலை செய்யும் பீகார், ஒடிசா குடும்பங்களின் பிள்ளைகள் மூவர். நடுவில் இருப்பவர்களை மனத்தில் வைத்தே பாடம் நடத்துகிறேன். இரு பக்கத்தாரையும் கைவிடுவதாக மனம் உறுத்துகிறது. அண்மையில் ஒரு பயிற்சி நிறுவனத்தின் முகவர் வந்து, 20 நிமிடச் சோதனையில் கற்றல் குறைபாடு உள்ளவர்களைக் கண்டுபிடித்து 45 நாளில் வாசிக்க வைப்பதாகவும், பிள்ளைக்கு 1,800 ரூபாய் ஆகும் என்றும் சொன்னார். பெற்றோர் சிலர் கட்டத் தயாராக இருக்கிறார்கள். நான் என்ன செய்வது?

பதில்: முகவரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்; பெற்றோர் பணத்தைக் கட்டிய பிறகு சொல்லிப் பயனில்லை. அவரை வகுப்பறைக்குள் விடாதீர்கள். கற்றல் குறைபாடு என்பது 20 நிமிடத்தில் ஒரு தாளை நிரப்ப வைத்துச் சொல்லிவிடக்கூடியது அன்று. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை 21 வகை மாற்றுத்திறன்களுள் ஒன்றாக ஏற்றிருக்கிறது. அதற்கான சான்று அரசு மருத்துவ அலுவலர்கள் வழியே கட்டணமின்றிக் கிடைக்க வேண்டியது. தனியார் நிறுவனம் பளபளப்பான அட்டையில் அச்சிட்டுத் தரும் தாளைக் காட்டித் தேர்வுச் சலுகை எதையும் பெற முடியாது. பணிக்காலத்தில் இத்தகையோர் பலரைப் பார்த்திருக்கிறேன். ஒரு பள்ளியில் ஒரே நாளில் ஒரு வகுப்பின் மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகளுக்கு ‘டிஸ்லெக்சியா’ (வாசிப்பதில் வரும் கற்றல் குறைபாடு) என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். பிறகு விசாரித்தபோது அவர்களுள் இருவருக்குக் கண்பார்வைக் கோளாறு. ஒரு பையன் இரண்டு ஆண்டுகளில் மூன்று ஊர்ப் பள்ளிகள் மாறியவன். மற்றவர்களுக்கு யாரும் முறையாக வாசிக்கக் கற்பிக்கவே இல்லை. அந்தத் தாய்மார்கள் கட்டிய பணம் கந்துவட்டிக்கு வாங்கியது.

‘குறைபாடு’ என்ற சொல்லை நீங்களும் அவசரப்பட்டுப் பயன்படுத்தாதீர்கள். ‘மெல்லக் கற்போர்’, ‘மீத்திறன் மாணவர்’ என்று பதிவேட்டில் பிரித்து எழுதுவது நமக்குப் பழகிப்போயிற்று. ஜூன் மாதத்தில் அந்தப் பட்டியலில் ஏறிய பெயர் ஏப்ரல் வரை இறங்குவதில்லை என்பதை நான் பார்க்காத பள்ளி இல்லை.

இனி உங்கள் ஒன்பது பேர். அவர்கள் எண்ணிக்கை ஒன்பதுதானா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். ஒரு பையனின் நோட்டு எனக்கு இன்றும் கண்முன் நிற்கிறது. முத்து முத்தான கையெழுத்து. பக்கத்துக்குப் பக்கம் ஆசிரியரின் சிவப்பு மையில் ‘நன்று’. அவன் எழுதியிருந்த வரிகளிலேயே ஒன்றை மட்டும் விட்டு மற்றவற்றைக் கையால் மறைத்து, அதை வாசி என்றேன். அவனால் முதல் சொல்லைக்கூட வாசிக்க முடியவில்லை. நான்காண்டுகளாகக் கரும்பலகையைப் பார்த்து வரைந்து வந்திருக்கிறான். பார்த்தெழுதுதல் நம் வகுப்பறைகளின் மிகப் பெரிய ஏமாற்று. ஆய்வுக்கு வருபவர் நோட்டைப் புரட்டிக் கையொப்பமிட்டுப் போய்விடுவதால் இது அம்பலமாவதே இல்லை.

ஆகவே ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக வராந்தாவுக்கு அழைத்து, இரண்டாம் வகுப்புப் புத்தகத்தின் ஒரு பத்தியை வாசிக்கச் சொல்லுங்கள். வரவில்லையென்றால் ஒரு வாக்கியம், அதுவும் இல்லையென்றால் ஒரு சொல், கடைசியாகத் தனி எழுத்துகள். ஆளுக்கு மூன்று நிமிடம் போதும். 31 பேருக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும், அதை மூன்று நாளுக்குப் பகிர்ந்துகொள்ளலாம். மதிப்பெண் போடாதீர்கள். எங்கே நிற்கிறான் என்பதை ஒரு வரியில் எழுதுங்கள்: ‘மெய்யெழுத்து வரும் சொல்லில் தடுமாறுகிறான்’, ‘பு, து, கு மூன்றையும் குழப்புகிறாள்’, ‘கொம்பு வந்தால் நின்றுவிடுகிறான்’ என்பதுபோல. ‘பேனா’ என்ற சொல்லில் பிள்ளையின் கண்ணில் முதலில் படுவது இரட்டைக் கொம்பு. ஆனால் வாயில் முதலில் வரவேண்டியது ப் என்னும் ஒலி. அகரவரிசையை அ முதல் ன் வரை மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் பிள்ளையும் இந்த இடத்தில் திகைத்து நிற்பதைப் பார்க்கலாம். 247 எழுத்தையும் முடித்த பிறகே சொல் என்று காத்திருக்காதீர்கள். ட, ப, ம மூன்றும் தெரிந்தவுடன் படம், மடம், பட்டம் என்று சொற்களுக்குப் போய்விடுங்கள். அடுத்துத் துணைக்கால், பாட்டம், மாடம். கொம்பும் கு, சு, து வரிசையும் அதன் பிறகு.

இதற்கு நாளின் முதல் ஒரு மணி நேரத்தை ஒதுக்குங்கள். மாலை நான்கு மணிக்கு மேல் நிறுத்திவைத்துக் கற்பிக்கும் ‘சிறப்பு வகுப்பு’ என்னும் வழக்கம் பிள்ளைக்குத் தண்டனையாகவே படுகிறது. உங்களுக்கும் அப்போது தெம்பு இருக்காது. அந்த ஒரு மணி நேரத்தில் மட்டும் வாசிப்பு நிலைப்படி மூன்று குழுக்களாக உட்கார வையுங்கள். முதல் 25 நிமிடம் முழுவதும் அந்த ஒன்பது பேருடன் தரையில் அமருங்கள். சரளமாக வாசிக்கும் ஏழு பேருக்கு நூலகப் புத்தகமும், படித்ததைப் பற்றி எழுத ஒரு கேள்வியும் கொடுங்கள். அவர்களைக் கையில் குச்சியுடன் ‘லீடர்’ ஆக்கி மற்றவர்களை மேய்க்க விடுவது எளிய வழிதான், ஆனால் அந்த ஏழு பேரும் கற்க வந்தவர்கள். சோடியாக உட்கார்ந்து வாசித்துக் காட்டுவது பத்து நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. நடுவில் உள்ள பன்னிருவர் ஒருவருக்கொருவர் சத்தமாக வாசிக்கட்டும். மீதி நேரத்தில் அவர்களிடம் செல்லுங்கள்.

அந்த மணி முடிந்ததும் குழுக்களைக் கலைத்துவிடுங்கள். மற்றப் பாடங்கள் எல்லோருக்கும் ஒன்றாகவே நடக்க வேண்டும். ‘போர்ஷன் முடிக்க வேண்டுமே’ என்று தலைமையாசிரியர் கேட்பார். பாடத்தை நீங்களே உரக்க, ஏற்ற இறக்கத்தோடு வாசியுங்கள். கண்ணால் வாசிக்க முடியாத பிள்ளைக்குக் காதால் கேட்டுச் சிந்திக்க முடியும். கதையில் வரும் கிழவர் ஏன் அப்படிச் செய்தார் என்று கேட்டால் பல நேரங்களில் அந்த ஒன்பது பேரில் ஒருவரிடமிருந்துதான் கூர்மையான பதில் வரும். எழுதும் வேலையில் மட்டும் வேறுபாடு வைத்தால் போதும்: ஒருவர் படம் வரைந்து ஐந்து சொற்களை எழுதட்டும், ஒருவர் ஐந்து வாக்கியம், ஒருவர் கதைக்கு வேறொரு முடிவு.

பிற மாநிலத்துப் பிள்ளைகள் மூவரையும் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் மேலே சொன்ன குழுமுறை அவர்களுக்கு அப்படியே பொருந்தாது. தமிழ் வாசிக்கத் தெரியாது என்பதால் அவர்களை அந்த ஒன்பது பேரோடு சேர்த்துவிடுவார்கள். எல்லாப் பாடத்துக்கும் அங்கேயே உட்கார வைத்துவிடுவார்கள். நான் பார்வையிட்ட ஒரு வகுப்பில் பீகாரிலிருந்து வந்த சிறுமி ஒருத்தி கணக்கில் பூச்சியம் வாங்கியிருந்தாள். ஆசிரியர் வாயால் ‘ஐம்பத்தேழு’ என்றால் அவள் 75 என்று எழுதினாள். இந்தியில் 57ஐச் சொல்லும்போது ஏழு முன்னாலும் ஐம்பது பின்னாலும் வரும்; 29ஐ ‘முப்பதுக்கு ஒன்று குறைவு’ என்னும் பொருளில் சொல்வார்கள். எண்ணை வாயால் சொல்லாமல் பலகையில் எழுதிக் காட்டச் சொன்னேன். நான்கு இலக்கப் பெருக்கலை வகுப்பில் முதலாவதாக முடித்தவள் அவள்தான். அத்தகைய பிள்ளை கணக்கில் முதல் குழுவில் இருக்க வேண்டியவள். ஆகவே அந்த மூவரின் கணக்கையும் எண்களாலேயே சோதியுங்கள், மொழியால் சோதிக்காதீர்கள்.

தமிழ் கற்பிப்பதிலும் அவர்களுடைய தடைகள் வேறு. சொந்த ஊரில் இரண்டு மூன்று வகுப்புகள் படித்துவிட்டு வந்த பிள்ளைக்குக் கொம்பு புதிதன்று. ஒடியாவில் எகரக் குறியும் இந்தியில் குறில் இகரக் குறியும் எழுத்துக்கு இடப்பக்கத்திலேயே வருகின்றன. அவர்களைக் குழப்புவது, ஒரே ‘க’ கடலில் ஒரு மாதிரியும் தங்கத்தில் வேறு மாதிரியும் ஒலிப்பதுதான். அவர்களுடைய எழுத்துமுறையில் அவை தனித்தனி எழுத்துகள். எனவே எழுத்தைவிடப் பேச்சே முதலில் வேண்டும். ஒரு மாதம் தமிழ் பேசும் பிள்ளைகளுக்கு நடுவே உட்கார வையுங்கள். மூவரையும் ஒரே பெஞ்சில் போடாதீர்கள். தங்களுக்குள் தம் மொழியில் பேசினால் தடுக்கவும் வேண்டாம். தாய்மொழியில் எழுதத் தெரிந்தால் நோட்டில் தமிழ்ச் சொல்லுக்குப் பக்கத்தில் அதையும் எழுதிக்கொள்ளட்டும். தீபாவளிக்கோ பீகார் மக்கள் கொண்டாடும் சத் பூஜைக்கோ ஊருக்குப் போய் ஒரு மாதம் கழித்து வந்தால் பெயரை நீக்கிவிடாமல் விட்ட இடத்திலிருந்து தொடங்குங்கள்.

‘இவ்வளவுக்கும் எனக்கு நேரம் எங்கே?’ என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. 2007ஆம் ஆண்டு மாநிலம் முழுவதும் பரவிய, பிள்ளைகள் தாமே செய்து கற்கும் செயல்வழிக் கற்றல் முறையின் அட்டைகள் இன்னும் சில பள்ளிகளின் பீரோவில் தூசிபடிந்து கிடக்கின்றன. 2022இல் ‘எண்ணும் எழுத்தும்’ என்னும் அரசுத் திட்டம் வந்தது. முதல் மூன்று வகுப்புகளுக்குத் தொடங்கி, பிறகு நான்கு, ஐந்துக்கும் விரிந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிக்கும் அதன் அடிப்படை சரியானது. நான் மேலே சொன்னதும் அதையொட்டியதே. ஆனால் ஒவ்வொரு திட்டமும் தனக்கென்று ஒரு பதிவேட்டையும் ஒரு செயலியையும் கூடவே அழைத்து வருகிறது. பிள்ளை வாசிப்பதைக் கேட்க வேண்டிய ஆசிரியர், அது வாசித்தது என்று கைபேசியில் பதிவேற்ற இணைய இணைப்புக்காக வேப்பமரத்தடியில் நிற்கிறார். கல்வி உரிமைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு ஆசிரியரைக் கல்வி சாராத பணிக்கு அனுப்பக் கூடாது என்கிறது. ஆனால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகிய மூன்றுக்கும் அதே பிரிவு விலக்கு அளித்துவிட்டது. 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்று அதே சட்டம் வகுத்த கணக்கில் ஐந்து வகுப்புகள் இருப்பது மறந்துபோயிற்று. இதை எழுதும்போது எனக்கு ஆத்திரம் வராமல் இல்லை. ஆயினும் செயலியில் பதிவேற்றம் ஒரு நாள் தாமதமானால் வரும் குறிப்பாணையைவிட, அந்த முதல் ஒரு மணி நேரம் பறிபோவது பெரிய இழப்பு. அதை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஆறு வாரம் கழித்து அதே வராந்தாவில் அதே முறையில் மறுபடியும் வாசிக்கக் கேளுங்கள். முன்னேறியவரை அன்றே அடுத்த குழுவுக்கு மாற்றுங்கள். தவறாமல் பள்ளிக்கு வந்தும், நீங்கள் அருகில் அமர்ந்து கற்பித்தும், ஒரு படிகூட ஏறாதவர் ஒருவரோ இருவரோ இருக்கலாம். அவர்களுக்கு முதலில் கண்ணையும் காதையும் அரசு மருத்துவமனையில் பார்க்கச் செய்யுங்கள். அங்கே குறையில்லை என்றால் வட்டார வள மையத்தில் மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கு உதவும் சிறப்புப் பயிற்றுநரிடம் பெயரைக் கொடுங்கள். மதிப்பீட்டு முகாமுக்கு அழைத்துச் செல்லும் வழி அவருக்குத் தெரியும், பெற்றோர் ஒரு ரூபாயும் செலவிட வேண்டியதில்லை. கொடுக்கும்போது உங்கள் குறிப்பேட்டில் முதல் முறையும் ஆறு வாரம் கழித்தும் எழுதிய வரிகளைப் படியெடுத்துச் சேர்த்துக் கொடுங்கள். ‘வாசிக்கத் தெரியாது’ என்ற ஒற்றை வரியை வைத்துக்கொண்டு அவராலும் எங்கே தொடங்குவது என்று சொல்ல முடியாது.