திட்டினால் உற்பத்தி கூடுமா?

கேள்வி: திருவொற்றியூரில் லேத் (இரும்பைக் கடையும் இயந்திரம்) பட்டறை நடத்தும் என் மாமா, "நாலு வார்த்தை திட்டினால்தான் வேலை நகரும்" என்கிறார். உண்மையா?

அன்று மாலை வரை நகரும். மாமாவின் கண்ணில் படுவதும் அவ்வளவுதான்.

இரும்பைச் சீவும் டூலின் முனை தேய்ந்து, ஷாஃப்டின் (உருளைத் தண்டின்) விட்டம் மைக்ரோமீட்டரில் சற்றே கூடுதலாகக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வசவுக்கு அஞ்சும் டர்னர் (லேத் ஓட்டுபவர்) மிஷினை நிறுத்தமாட்டார். அந்தத் துண்டை நல்ல சரக்குக்கு அடியில் தள்ளிவிடுவார். வாங்கியவரின் சோதனையில் அது சிக்கினால் மொத்தச் சரக்கும் திரும்பி வரும். புதிய யோசனைகளின் கதியும் இதுவே. துண்டைப் பிடித்துவைக்கும் ஜிக்கை மாற்றி அமைத்தால், துண்டை மறுபடி பொருத்தும் ஒரு செட்டிங் மிச்சம் என்பது மிஷினில் நிற்பவருக்குத்தான் தெரியும். "உன்னை யார் கேட்டது?" என்று ஒருமுறை வாங்கிக் கட்டிக்கொண்டவர் மறுபடி வாய் திறப்பாரா?

நிர்வாகவியல் ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் 1996இல் வெளியிட்ட மருத்துவமனை ஆய்வில், நல்ல தலைமை உள்ள பிரிவுகளில்தான் மருந்துப் பிழைகள் அதிகம் பதிவாகியிருந்தன. அங்கே பிழையை மறைக்கவில்லை, சொன்னார்கள். தவறே வராத பட்டறை என்று மாமா பெருமைப்பட்டால் எனக்குச் சந்தேகம்தான் வரும்.

இன்னொரு நிர்வாகவியல் ஆய்வாளர் பென்னட் டெப்பர் 2000இல் வெளியிட்ட ஆய்வின்படி, கொடுமைப்படுத்தும் மேலாளரிடம் இருப்பவர்கள் வேலையை விட்டுப் போவது அதிகம். வேறு வேலைக்குப் போக வழியில்லாதவர்களைப் பாதிப்பு கூடுதலாகத் தாக்குகிறது. கைத்தொழில் தெரிந்த டர்னருக்கு மணலியிலோ மாதவரத்திலோ வேறு பட்டறை கிடைத்துவிடும். முன்பணம் வாங்கிவிட்டு நகர முடியாதவர்தான் மாமாவிடம் மிஞ்சுவார்.