எஃப்.ஆர்.சி. என்னும் பள்ளி மாணவர் ரோபோ போட்டிக்கு முதன்முறை போகும் அணி, ரோபோவை நகர்த்தும் ஆறு சக்கர அடிப்பகுதியை, அதாவது டிரைவ்டிரெயினை, எப்படி வடிவமைப்பது? நடுச் சக்கரத்தை எவ்வளவு தாழ்த்த வேண்டும்?

நேரடிப் பதில்: நடுச் சக்கரத்தை 3.2 மி.மீ., அதாவது 1/8 அங்குலம், தாழ்த்துங்கள். அந்தச் சக்கரத்தைக் கியர்பாக்ஸிலிருந்து நேராக ஓட்டுங்கள். முன், பின் சக்கரங்களுக்கு மட்டும் செயின் கொடுங்கள்.

இன்று முன்னணி அணிகள் பெரும்பாலும், ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாகத் திசை திரும்பும் ஸ்வெர்வ் அமைப்புக்குப் போய்விட்டன. ஆனால் அதற்கு எட்டு மோட்டார், நான்கு கோண சென்சார், கூடவே அவற்றை ஒத்திசைக்கும் நிரல் எல்லாம் வேண்டும். ஆறு சக்கர வண்டிக்கு நான்கு மோட்டாரும் இரண்டு கியர்பாக்ஸும் போதும். புது அணிக்கு நான் இதையே சொல்வேன். சீக்கிரம் ஓடத் தொடங்கும் வண்டிதான் ஓட்டுநருக்குப் பயிற்சி நேரம் தரும்.

ஏன் தாழ்த்த வேண்டும் என்பதைக் கணக்கோடு பார்த்தால் மற்றதெல்லாம் விளங்கிவிடும். 2024 போட்டி விதிப்படி ரோபோவின் அடிச்சட்டத்தின் (ஃப்ரேம்) சுற்றளவு அதிகபட்சம் 120 அங்குலமாக இருந்தது. 838 மி.மீ. நீளம், 686 மி.மீ. அகலம் என்று வைத்தால் அது சரியாக வரும். 6 அங்குலச் சக்கரங்களை 330 மி.மீ. இடைவெளியில் வைத்தால் முதல் அச்சுக்கும் கடைசி அச்சுக்கும் இடையே 660 மி.மீ. இடது, வலது சக்கரங்களுக்கு இடையே சுமார் 600 மி.மீ. இந்த வகை வண்டி திரும்பும்போது மூலைச் சக்கரங்கள் பக்கவாட்டில் தரையைத் தேய்த்தே ஆக வேண்டும். மூலைகளில் நான்கு சக்கரம் மட்டும் இருந்தால், தடுக்கும் விசையின் கை நீளம் (வண்டி திரும்பும் மையத்திலிருந்து உள்ள தூரம்) 330 மி.மீ., திருப்பும் விசையின் கை நீளம் 300 மி.மீ. தடுப்பதே பெரிது. வண்டி திரும்பாது, இல்லையென்றால் தவளை மாதிரி குதிக்கும்.

நடுச் சக்கரத்தைத் தாழ்த்தியதும் ஒரு நேரத்தில் தரையைத் தொடுவது நடு ஜோடியும் ஏதாவது ஒரு முனை ஜோடியும்தான். எடை இரண்டுக்கும் சமமாகப் பிரிந்தால்கூடத் தடுக்கும் கை 165 மி.மீ. ஆகிவிடும். வண்டி தாராளமாகத் திரும்பும்.

3.2 மி.மீ. ஏன்? 1.5 மி.மீ. வைத்தால் களத்தில் விரித்திருக்கும் கார்ப்பெட்டின் அமுக்கமும் சட்டத்தின் வளைவும் அதை விழுங்கிவிடும். 5 மி.மீ. வைத்தால் வண்டி ஊஞ்சலாடும். 3.2 மி.மீ. தாழ்வுக்கே, 1.2 மீட்டர் உயரத்தில் இருக்கும் கருவி முன்னும் பின்னுமாக 23 மி.மீ. அசையும். பந்தெறியும் ரோபோவுக்கு அது பெரிய பிழை.

இந்த ஆட்டத்தை அடக்குவது ஈர்ப்பு மையம். அது நடு அச்சுக்கு நேர் மேலே இருந்தால் வண்டி எந்தப் பக்கமும் நிலைகொள்ளாது. 50 மி.மீ. பின்னால் தள்ளினால் பின் ஜோடி 15 சதவீத எடையையும் நடு ஜோடி 85 சதவீதத்தையும் தாங்கும். பேட்டரி சுமார் 5.9 கிலோ. 70 கிலோ வண்டியில் அதை 300 மி.மீ. நகர்த்தினால் ஈர்ப்பு மையம் 25 மி.மீ. நகரும். அதனால் பேட்டரியின் இடத்தை முதலிலேயே முடிவு செய்யுங்கள். கடைசியில் மிஞ்சிய மூலையில் திணிக்கிற பொருள் அல்ல அது.

நடு ஜோடியே பெரும் சுமையைத் தாங்குவதால்தான் அதை நேராக ஓட்டச் சொல்கிறேன். ஆட்டத்தின் நடுவில் செயின் அறுந்தாலும் வண்டி தொடர்ந்து ஓடும்.

செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் தேவையில்லை, தூரத்தைச் சரியாகக் கணக்கிட்டால். இரு பக்கமும் ஒரே அளவு ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்) என்றால் அச்சுகளுக்கு இடையே உள்ள தூரம் = (கண்ணிகள் − பற்கள்) × பிட்ச் ÷ 2. பிட்ச் என்பது ஒரு கண்ணியின் நீளம்; 25-ஆம் எண் செயினுக்கு அது 6.35 மி.மீ. 16 பல், 120 கண்ணி என்றால் 330.2 மி.மீ. கண்ணி எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்கட்டும், அரைக் கண்ணி பலவீனமானது. செயின் ஓட ஓடக் கொஞ்சம் நீளும் என்பதால் 0.3 முதல் 0.45 மி.மீ. வரை கூட்டித் துளையிடுங்கள். தாழ்வினால் வரும் சரிவு இந்தத் தூரத்தை 0.02 மி.மீ. கூட மாற்றாது, அதை விட்டுவிடலாம்.

அடுத்தது கியர் விகிதம், அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற மோட்டார் எத்தனை சுற்று சுற்றுகிறது என்பது. புது அணிகள் அதிகம் சறுக்குவது இங்கேதான், வேகத்தை மட்டும் பார்ப்பதால். இந்தப் போட்டியில் பயன்படும் சிம் (CIM) வகை மோட்டாரின் சுமையற்ற வேகம் நிமிடத்துக்கு 5330 சுற்று. 10.71 விகிதமும் 6 அங்குலச் சக்கரமும் சேர்ந்தால் கணக்கில் நொடிக்கு 4 மீட்டர் வரும், களத்தில் 3.2 முதல் 3.4 வரை கிடைக்கும். நல்ல வேகம்தான். ஆனால் எதிரணி வண்டியை முட்டித் தள்ளும்போது என்ன ஆகும்? 70 கிலோ வண்டி, உராய்வுக் கெழு 1.1 என்றால் சக்கரம் வழுக்குவதற்குச் சுமார் 755 நியூட்டன் வேண்டும். கியர்பாக்ஸ் இழப்பையும் சேர்த்தால் ஒவ்வொரு மோட்டாரும் 80 ஆம்பியருக்கு மேல் இழுக்க வேண்டும், நான்குக்கும் 320-ஐத் தாண்டும். பேட்டரியின் உள் மின்தடை 0.02 ஓம் என்றால் அத்தனை மின்னோட்டம் வரவே வராது. மின்னழுத்தம் 6.3 வோல்ட்டுக்குக் கீழே (ரோபோரியோ 2 என்றால் 6.75-க்குக் கீழே) போனதும் ரோபோவின் கட்டுப்பாட்டுக் கணினியான ரோபோரியோ மோட்டார்களை நிறுத்திவிடும். சக்கரம் வழுக்கும் முன்பே வண்டி செத்துவிடும். மொத்த மின்சாரத்தையும் துண்டிக்கும் 120 ஆம்பியர் மெயின் பிரேக்கர் விழுந்தால் அந்த ஆட்டம் அதோடு முடிந்தது.

ஆகவே மோட்டார் கன்ட்ரோலரில் ஒவ்வொரு மோட்டாருக்கும் 60 ஆம்பியர் வரம்பு வையுங்கள், அதுவும் நொடிக்கணக்கில்தான். தள்ளுவதே உங்கள் உத்தி என்றால் விகிதத்தைக் கூட்டி வேகத்தை விட்டுக்கொடுங்கள். 20 விகிதத்தில் 45 ஆம்பியருக்கே சக்கரம் வழுக்கும், ஆனால் வேகம் ஏறக்குறைய பாதியாகும். இரண்டையும் ஒரே கியரில் கேட்காதீர்கள்.

சட்டத்துக்கு 2×1 அங்குல அலுமினியப் பெட்டிக் குழாய் போதும். போல்ட்டை இறுக்கும்போது குழாய் நசுங்காமல் உள்ளே ஸ்பேசர் வையுங்கள். பூட்டியதும் தட்டையான தரையில் வைத்துப் பாருங்கள். நடுச் சக்கரம் இரண்டும் தரையில் இருக்க, வண்டியைப் பின்னால் சாய்த்தால் பின் சக்கரம் இரண்டும் ஒன்றாகத் தொட வேண்டும். ஒன்று மட்டும் தொட்டால் சட்டம் முறுக்கியிருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் மேலே எதையும் ஏற்றாதீர்கள்.

முதல் ஓட்டத்துக்கு முன் வண்டியைக் கட்டைமேல் தூக்கி வைத்து மோட்டார்களை ஒவ்வொன்றாகச் சுழற்றுங்கள். ஒரே கியர்பாக்ஸில் இருக்கும் இரு மோட்டார்களில் ஒன்று தலைகீழாக இணைக்கப்பட்டிருந்தால் இரண்டும் ஒன்றையொன்று எதிர்த்துச் சூடாகிக் கருகும்.

ரப்பர் தேய்மானத்தையும் அளந்துகொண்டே இருங்கள். நடுச் சக்கரம் மட்டும் 1.5 மி.மீ. தேய்ந்தாலே தாழ்வு பாதியாகிவிடும். நேற்றுவரை நன்றாகத் திரும்பிய வண்டி இன்று குதிக்கிறது என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான். மாற்றும்போது ஆறுக்கும் சேர்த்தே மாற்றுங்கள்.